கையெழுத்து வாங்கிய தாளில் யாருடைய பொறுப்பு?

சேர்க்கை நாளில் நம் பிள்ளைகள் போடும் கையெழுத்துகளுக்குக் கணக்கில்லை. ராகிங் செய்ய மாட்டேன் என்று ஒன்று, வருகைப்பதிவு குறைந்தால் தேர்வு எழுத உரிமை கோர மாட்டேன் என்று ஒன்று, விடுதி விதிகளுக்கு ஒன்று. சில ஆண்டுகளாக இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. பல்கலைக்கழகத்தின் கணினி வலையமைப்பையும் இணையத்தையும் பொறுப்போடு பயன்படுத்துவேன் என்ற உறுதிமொழி. பத்துப் பக்கத்துக்குக் குறையாது. முழுக்க ஆங்கிலம். கடைசிப் பக்கத்தில் மாணவர் ஒரு கையெழுத்து, அப்பா ஒரு கையெழுத்து. வரிசையில் பின்னால் நாற்பது பேர் நிற்கும்போது யார் படிக்கப் போகிறார்கள்?

கடந்த ஆண்டு அப்படி ஒரு தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நாங்கள் உட்கார்ந்து படிக்க நேர்ந்தது.

கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு காலனியிலிருந்து பொறியியல் படிக்கப் போன தம்பி அவர். அப்பா மாமல்லபுரத்தில் ஒரு சிற்பப் பட்டறையில் கல்லுக்கு மெருகு போடுகிறார். வீட்டில் முதல் பட்டதாரி. இறுதியாண்டில் வளாக நேர்காணலில் வேலை கிடைத்தது. அன்று மாலை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேலிப்படம் வந்தது. 'கோட்டா' என்று எழுதிய ஏணியில் ஒருவர் ஏறுவதுபோல. பெயர் இல்லை. ஆனால் அன்றைக்கு அந்த வகுப்பில் வேலை கிடைத்த பட்டியல் சாதி மாணவர் ஒரே ஒருவர்தான். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். குழுவில் ஆசிரியர்கள் இருவரும் இருந்தார்கள். ஒரு சொல் இல்லை.

இரவு முழுக்கத் தூங்காமல் இருந்த தம்பி, விடியற்காலையில் அந்தப் படத்தின் ஸ்கிரீன்ஷாட்டை இணைத்து, பல்கலைக்கழக மின்னஞ்சலிலிருந்து துறையில் உள்ள எல்லோருக்கும் ஒரு கடிதம் அனுப்பினார். திட்டு இல்லை, மிரட்டல் இல்லை. "இதற்குத் துறையின் பதில் என்ன?" என்று கேட்டிருந்தார். பதில் பகல் 11 மணிக்கு வந்தது. அனுமதியின்றி மொத்தமாக மின்னஞ்சல் அனுப்பி வசதியைத் தவறாகப் பயன்படுத்தியதால் அவருடைய கணக்கு 30 நாட்களுக்கு முடக்கப்படுகிறது.

கணக்கு என்றால் மின்னஞ்சல் மட்டும்தானே என்று அப்பா நினைத்தார். நாங்களும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். அந்த ஒரு பெயரையும் கடவுச்சொல்லையும் கொண்டுதான் விடுதி வைஃபை, நூலகத்தின் மின்னிதழ்கள், செய்முறைக் குறிப்பைச் சமர்ப்பிக்கும் பக்கம், ஹால் டிக்கெட் எல்லாமே. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கும் இப்போது இணையத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். அவர் அதற்குக் கொடுத்திருந்ததும் அந்த மின்னஞ்சல் முகவரியைத்தான். ஒரு பூட்டைப் போட்டார்கள், ஐந்து கதவுகள் சாத்திக்கொண்டன.

அப்பாவோடு நாங்கள் மூன்று பேர் போனோம். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார், அதைச் சொல்லியாக வேண்டும். "வாட்ஸ்அப் எங்க கட்டுப்பாட்டுல இல்லைங்க. இமெயில் எங்களுது. எங்களுதுல நடந்ததுக்குத்தான் நாங்க நடவடிக்கை எடுக்க முடியும்" என்றார். கேட்பதற்கு நியாயம்போல இருக்கிறது. ஆனால் அந்த வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கியது துறை ஆசிரியர். தேர்வுத் தேதியும் வகுப்பு மாற்றமும் அதில்தான் அறிவிக்கப்படுகின்றன. அதில் இல்லாத மாணவர் கல்லூரியில் இல்லாததற்குச் சமம். படிப்புக்கு வேண்டும்போது அது கல்லூரியின் குழு, சாதிக் கேலி வந்தால் அது தனியார் குழுவா?

பிறகு அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படித்தோம். எந்த ஒருவரின் சாதி, மதம், பாலினத்தை இழிவுபடுத்தும் உள்ளடக்கத்தையும் அனுப்பக் கூடாது என்று நான்காம் பக்கத்தில் இருந்தது. அனுமதியின்றி மொத்த மின்னஞ்சல் கூடாது என்பது ஏழாம் பக்கத்தில். ஏழாம் பக்கம் ஒரே பகலில் செயலுக்கு வந்துவிட்டது. நான்காம் பக்கத்தை யாரும் திறக்கவில்லை. படம் போட்டவருக்கு 'அறிவுரை' வழங்கப்பட்டதாகச் சொன்னார்கள்.

'பொறுப்பு' என்ற சொல் 'பொறு' என்பதிலிருந்து வந்தது. பொறுத்தல் என்றால் தாங்குதல். ஒரு பாரத்தை ஏற்றுத் தாங்குபவர் பொறுப்பாளர். தமிழ் வகுப்பில் இதைப் படிக்கும்போது எங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அலுவலக வாசல்களில் நின்ற பிறகுதான் தெரிகிறது, நம் பிள்ளைகளிடம் 'பொறுப்பு' என்று சொல்லும்போது அவர்கள் கேட்பது 'பொறுத்துக்கொள்' என்பதையே.

'தவறாகப் பயன்படுத்தினாய்' என்ற இந்தச் சொல்லை நாம் முன்பே கேட்டிருக்கிறோம். சென்னை ஐஐடியில் 2014 ஏப்ரல் 14 அன்று மாணவர்கள் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தைத் தொடங்கினார்கள். (அந்த ஐஐடியின் புதிய வளாகம் இப்போது நம் மாவட்டத்தில், தையூரில் எழுந்திருக்கிறது.) மறு ஆண்டு அம்பேத்கர் பிறந்த நாளையொட்டி அவர்கள் வெளியிட்ட துண்டறிக்கை மத்திய அரசின் கொள்கைகளை விமர்சித்தது. பெயர் போடாத ஒரு புகார் டெல்லிக்குப் போனது. மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் அதை ஐஐடிக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டது. 2015 மே 22 அன்று மாணவர்களுக்கு மின்னஞ்சலில் செய்தி வந்தது: கொடுக்கப்பட்ட சலுகைகளைத் தவறாகப் பயன்படுத்தியதால் அமைப்பின் அங்கீகாரம் ரத்து. அவர்களை அழைத்து விசாரிக்கவில்லை. நிறுவனத்தின் பெயரை அனுமதியின்றிப் பயன்படுத்தினார்கள் என்பதுதான் பிறகு சொல்லப்பட்ட விதிமீறல். விவேகானந்தர் பெயரில் ஒரு படிப்பு வட்டம் அதே வளாகத்தில் அமைதியாக இயங்கிக்கொண்டிருந்தது. நாடெங்கும் மாணவர்கள் தெருவுக்கு வந்த பிறகு, ஜூன் 7 அன்று அங்கீகாரம் திரும்பியது.

'சலுகை' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். சேரியிலிருந்து போகும் மாணவருக்கு இடமும் சலுகை, விடுதியும் சலுகை, இப்போது இணையமும் சலுகை. சலுகை என்றால் கொடுத்தவர் விரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம்.

எடுத்துக்கொண்டும் இருக்கிறார்கள். ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வேமுலாவின் மரணத்துக்குப் பின்னணியாக இருந்த மோதலும் ஒரு முகநூல் பதிவிலிருந்துதான் தொடங்கியது. 2015 ஆகஸ்டில் எதிர்த்தரப்பு மாணவர் தலைவர் ஒருவர் அம்பேத்கர் மாணவர் சங்கத்தினரை ரவுடிகள் என்று பதிவிட்டார். அதையொட்டி எழுந்த தகராறு விசாரணைகளாக நீண்டு, ரோஹித் உள்ளிட்ட ஐந்து தலித் ஆய்வு மாணவர்கள் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டதில் முடிந்தது. வளாகத்துக்குள்ளேயே கூடாரம் போட்டு அதற்கு 'வெளிவாடா' என்று பெயர் வைத்தார்கள். தெலுங்கில் ஊருக்கு வெளியே இருக்கும் சேரி என்று பொருள். 2016 ஜனவரி 17 அன்று ரோஹித் உயிரை மாய்த்துக்கொண்டார். மார்ச் 22 அன்று விடுப்பிலிருந்து துணைவேந்தர் திரும்பிப் போராட்டம் வெடித்தபோது, விடுதிகளில் தண்ணீர், மின்சாரம், உணவோடு இணையமும் துண்டிக்கப்பட்டதாக மாணவர்கள் சொன்னார்கள். கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாது என்று ஊர் சொல்வது நமக்குப் பழக்கமான தண்டனை. அந்தப் பட்டியலில் வைஃபையும் சேர்ந்த நாள் அது.

2023 ஜனவரி 24 அன்று டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில், குஜராத் கலவரம் பற்றிய பிபிசி ஆவணப்படத்தை மாணவர்கள் திரையிட இருந்த நேரத்தில் மின்சாரமும் இணையமும் போயின. கைப்பேசிகளில் பார்த்தார்கள்.

விதியே வேண்டாம் என்று நாங்கள் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆயிரக்கணக்கானோர் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் ஒருவர் மோட்டார் போட்டு உறிஞ்சினால் தெருவே காயும். வலையமைப்பும் அப்படித்தான். இரவெல்லாம் படங்களைத் தரவிறக்கும் ஒரு அறை, பக்கத்து அறையில் ஆய்வுக்கட்டுரை தேடும் பெண்ணின் நேரத்தைத் திருடுகிறது. வைரஸ் ஏறிய ஒரு பென்டிரைவ் ஒரு ஆய்வகத்தையே படுக்கவைத்துவிடும். மாணவிகளின் படங்களைத் திரித்துப் போடுகிறவர்களின் கணக்கை முடக்குவதில் எங்களுக்கு எந்த மறுப்பும் இல்லை.

நீதிமன்றமும் அப்படித்தான் பார்த்தது. கோழிக்கோடு மாவட்டம் சேளன்னூரில் ஒரு கல்லூரி மகளிர் விடுதியில், மாலை 6 மணி முதல் இரவு 10 மணிவரை கைப்பேசி கூடாது என்று விதி போட்டார்கள். ஏற்க மறுத்த மாணவியை விடுதியிலிருந்து நீக்கினார்கள். அந்த ஃபஹீமா ஷிரின் வழக்கில் 2019 செப்டம்பர் 19 அன்று கேரள உயர் நீதிமன்றம், இணையத்தைப் பெறும் உரிமை கல்வி உரிமையின் பகுதி, அரசமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் அந்தரங்க உரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. ஒழுங்குக்காக விதி போடலாம், அது நியாயமானதாக இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். சலுகை என்று எழுதியிருக்கும் தாள்களுக்குப் பக்கத்தில் இந்தத் தீர்ப்பின் நகலை வைக்க வேண்டும்.

எது உண்மையான தவறான பயன்பாடு என்று பார்ப்போம். மும்பையில் நாயர் மருத்துவமனையோடு இணைந்த மருத்துவக் கல்லூரியில் மேற்படிப்புப் படித்த பழங்குடி மருத்துவர் பாயல் தட்வி 2019 மே 22 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார். மூத்த மாணவிகள் வாட்ஸ்அப் குழுக்களிலும் அவரை இழிவுபடுத்தினார்கள் என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. 2021 ஏப்ரலில் காரக்பூர் ஐஐடியில் பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான இணையவழி ஆங்கில வகுப்பில் பேராசிரியர் ஒருவர் அவர்களைக் கேவலமாக ஏசிய காணொளி நாடெங்கும் பரவியது. நிர்வாகம் அவரை இடைநீக்கம் செய்தது. யாரோ ஒருவர் பதிவு செய்ததால்தான் அது வெளியே வந்தது. நம் தம்பி கையெழுத்திட்ட தாளில், இணைய வகுப்பை அனுமதியின்றிப் பதிவு செய்வது தண்டனைக்குரிய விதிமீறல்! அந்த விதியை அப்படியே கடைப்பிடித்திருந்தால் காரக்பூர் மாணவர்கள் இன்றும் ஏச்சு வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

இணையத்தில் ஏசினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வராது என்று சிலர் இன்னும் நம்புகிறார்கள். யூடியூபில் வெளியான ஒரு நேர்காணலில் பழங்குடிப் பெண் ஒருவரை இழிவுபடுத்தியவர் 2022இல் முன்ஜாமீன் கேட்டுப் போனார். பாதிக்கப்பட்டவர் எதிரில் இல்லையே என்ற வாதத்தைக் கேரள உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. இணையத்தில் ஏற்றப்பட்டதை ஒவ்வொருவர் திறந்து பார்க்கும்போதும் அது பொதுப் பார்வைதான் என்றது.

நம் மாவட்டத்துக் கல்லூரிகளுக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. காட்டாங்குளத்தூரிலிருந்து கேளம்பாக்கம்வரை எத்தனை வளாகங்கள்! முதல் வாரத்திலேயே ஊரையும் அப்பா பெயரையும் விசாரித்துச் சாதிக்கொரு வாட்ஸ்அப் குழு உருவாகிவிடுகிறது. அரிவாளும் சிங்கமும் மீசையுமாக ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு தலித் மாணவரையும் அவர் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறு பற்றி ஊரெல்லாம் பேசினோம். கயிறு கைப்பேசிக்குள் போய்விட்டதைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை.

நம் பிள்ளைகளிடமும் இரண்டு வார்த்தை. தம்பி செய்த ஒரு காரியம் எங்களுக்கு உடன்பாடில்லை. கணக்கு முடங்கிய மூன்றாம் நாள் நண்பனின் கடவுச்சொல்லை வாங்கி உள்ளே நுழைந்திருக்கிறார். செய்முறைக் குறிப்பைச் சமர்ப்பிக்க வேண்டும், வேறு வழி தெரியவில்லை. நோக்கம் புரிகிறது. ஆனால் பிடிபட்டிருந்தால் நண்பன் கணக்கும் போயிருக்கும், நம் புகாரும் அங்கேயே செத்திருக்கும். "அண்ணா, அவனே குடுத்தான்ணா" என்றார். கொடுத்தவன் நல்லவன், கேட்டது தப்பு. அதேபோல, கேலிப் படத்துக்குப் பதில் கேலிப் படம் போடுவதும் நமக்கு ஆகாது. முதலில் போட்டவர் அறிவுரையோடு தப்புவார், பதில் போட்டவர் மாட்டுவார். நாள், நேரம், அனுப்பியவர் எண் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தன் சொந்த மின்னஞ்சலுக்கு ஒரு நகல் அனுப்பி வையுங்கள். உதவித்தொகைக்கும் வங்கிக்கும் கல்லூரி மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள்.

வலையமைப்பின் மதிப்பைப் பலர் குறைத்து நினைக்கிறோம். 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற திட்டத்தில் 2025 ஜனவரி முதல் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்களின் மாணவர்கள் கட்டணமின்றிப் படிக்கலாம். மூன்றாண்டுக்கு மத்திய அரசு ஒதுக்கியது 6,000 கோடி ரூபாய். அதை அந்த நிறுவனத்தின் கணக்கு வழியாகத்தான் திறக்க முடியும். வீட்டில் கணினியும் தனி இணைப்பும் இருப்பவருக்கு வளாகக் கணக்கு முடங்கினால் ஒரு தொந்தரவு. ஒற்றை அறை வீட்டில் நான்கு பேர் ஒரு கைப்பேசியைப் பகிர்ந்துகொள்ளும் குடும்பத்துப் பிள்ளைக்கு அது பள்ளிக்கூடத்தை மூடுவது. ஒரே தண்டனை, இரண்டு எடை.

அந்தக் கணினியில் நம் பிள்ளைகள் என்ன தேடுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சட்டம் படிக்கும் ஒரு தங்கை, மாலை நேரத்தில் கல்லூரி ஆய்வகத்தில் உட்கார்ந்து, அரசின் நில ஆவண இணையதளத்தில் தன் ஊரின் சர்வே எண்களை ஒவ்வொன்றாகப் போட்டு 'அ' பதிவேட்டைப் பார்த்தார். பஞ்சமி நிலம் இப்போது யார் பெயரில் நிற்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிவைத்தார். பாடத்துக்குத் தொடர்பில்லாத தளத்தைப் பார்த்ததாக அங்கிருந்த உதவியாளர் எழுப்பிவிட்டாராம். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் பறையர்களின் நிலைபற்றி எழுதிய அறிக்கையைத் தொடர்ந்துதான் 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. காரணை நிலத்துக்காகப் போராடிய மக்கள்மீது 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர்விட்டார்கள். இந்த மண்ணில் சட்டம் படிக்கும் பெண்ணுக்கு 'அ' பதிவேடு பாடத்துக்குத் தொடர்பில்லாததா?

மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அன்றைய புதிய கருவி அச்சு. 1896இல் இதழில் வந்த எழுத்துக்காக வழக்குத் தொடுத்து அவருக்கு 100 ரூபாய் அபராதம் விதித்தார்கள். அதன் பிறகும் இதழ் சில ஆண்டுகள் வந்தது.

தம்பியின் கணக்கு 30 நாள் முடியுமுன் 19ஆம் நாளே திரும்பக் கிடைத்தது. நாங்கள் எழுத்துமூலம் புகார் கொடுத்து, நகலை ஆதிதிராவிடர் நலத்துறைக்கும் அனுப்பிய பிறகு. மன்னிப்புக் கடிதம் எதுவும் இல்லை. போலீசில் புகார் கொடுக்கலாம் என்றோம். வேலையில் சேர வேண்டும், வேண்டாம்ணா என்றார். வற்புறுத்தவில்லை.

அந்தப் புகாரைக் கொடுக்கப் போனபோதுதான் இன்னொன்றைப் பார்த்தோம். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் சாதிப் பாகுபாடு குறித்துப் புகார் செய்ய ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் இணையதளத்தில் தனிப் பக்கம் வைக்க வேண்டும், பதிவாளர் அலுவலகத்தில் புகார்ப் பதிவேடு வைக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு பல ஆண்டுகளாகச் சுற்றறிக்கை அனுப்பிவருகிறது. 2012 விதிகளின்படி சம வாய்ப்பு மையமும் பாகுபாட்டுத் தடுப்பு அலுவலரும் இருந்தாக வேண்டும். அவை செயல்படவில்லை என்றுதான் ரோஹித்தின் அம்மாவும் பாயலின் அம்மாவும் 2019இல் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2026 ஜனவரியில் வந்த புதிய விதிகளை அதே மாதம் 29ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்து, 2012 விதிகளே தொடரும் என்றது. நாங்கள் போன இடத்தில் அந்தப் புகார்ப் பக்கத்தைத் திறந்தால் 'பணி நடைபெறுகிறது' என்று வந்தது. ஒரு மாணவரின் கணக்கை ஒரு பகலில் முடக்கத் தெரிந்த கணினி மையத்துக்கு ஒரு பக்கத்தைத் திறந்துவைக்க இத்தனை ஆண்டு போதவில்லை.

மாவட்டத்தில் உள்ள எல்லாக் கல்லூரிகளின் இணையதளங்களையும் இந்தச் சேர்க்கைக் காலத்தில் நாங்கள் திறந்து பார்க்கப் போகிறோம். புகார்ப் பக்கம் இருக்கிறதா, அலுவலரின் பெயரும் எண்ணும் இருக்கிறதா, அந்த எண்ணை அழைத்தால் யாராவது எடுக்கிறார்களா என்று எழுதிவைத்து மாவட்ட ஆட்சியரிடம் கொடுப்போம். வலையமைப்பு விதிகளைத் தமிழிலும் தர வேண்டும், கணக்கை முடக்கும் முன் மாணவரை அழைத்துக் கேட்க வேண்டும், முடக்கினாலும் நூலகத்தையும் தேர்வுப் பக்கத்தையும் தொடக் கூடாது என்ற மூன்று கோரிக்கைகளும் அதோடு போகும். பிள்ளைகளைச் சேர்க்கப் போகிறவர்கள் அந்தத் தாளைக் கையெழுத்துப் போடுமுன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம் புரியவில்லை என்றால் கொண்டுவாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் திருக்கழுக்குன்றத்தில்தான் இருக்கிறோம்.